இஸ்ரேல், பலஸ்தீனம், மனவடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஸாப் போர் தொடங்கிய 2023 ஒக்டோபருக்குப் பிறகு, நான் நடத்தும் பயிற்சி வகுப்புகளிலும் உறவினர் வீடுகளிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. ஓர் அரசியல் ஆய்வாளர் இவற்றுக்கு வேறு விதமாகப் பதில் சொல்வார். என் தொழில் போரால் நொந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவது. அந்த இடத்திலிருந்து தெரிவதை எழுதுகிறேன்.

நீங்கள் யூதரும் இல்லை, பலஸ்தீனரும் இல்லை. இதைப் பேச உங்களுக்கு என்ன உரிமை?

எல்லைக் கோடு எங்கே போடவேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை, சொல்லப்போவதும் இல்லை. நான் இலங்கையின் வன்னியில் வளர்ந்தவள். எங்கள் பாடசாலை வளவுக்குள் பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டால் கொப்பியைப் போட்டுவிட்டு ஓடுவோம். வளர்ந்து உளவளத்துணையாளரானேன். போர் முடிந்து இத்தனை காலம் ஆகியும், வீதியில் டிப்பர் கல் கொட்டும் சத்தத்துக்குத் தரையோடு படுத்துக்கொள்ளும் ஆட்களைத் தெரியும். எங்கள் கதையும் அவர்கள் கதையும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பயந்துபோன உடம்பு எப்படி யோசிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மனவடுவை அறிந்து பார்ப்பது என்றால் என்ன?

“உனக்கு என்ன கோளாறு?” என்று கேட்பதை விட்டு “உனக்கு என்ன நடந்தது?” என்று கேட்பது. உயிருக்கு ஆபத்து வரும்போது உடம்பு சண்டைக்கு நிற்கும், அல்லது ஓடும், அல்லது உறைந்துபோகும். ஆபத்து போன பின்னும் சிலருக்கு அந்த எச்சரிக்கை அணைவதில்லை. அந்த நிலையில் இருப்பவர் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, பழைய ஆபத்தைத்தான் பார்க்கிறார். ஒரு சமூகம் முழுவதும் இப்படியொரு நிலைக்குள் வாழ்ந்தால், அதன் பாட்டு, பாடப்புத்தகம், தேர்தல் மேடை எல்லாவற்றிலும் அந்தப் பயம் ஊறிவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். ஒரு நாட்டைக் கட்டிலில் கிடத்தி நோய் சொல்ல முடியாது. நாடுகளுக்கு நில ஆசை உண்டு, தேர்தல் கணக்கு உண்டு, ஆயுத வியாபாரம் உண்டு. மேற்குக் கரையில் யூதக் குடியேற்றங்கள் கட்டுவது வெறும் பயத்தால் நடப்பது இல்லை. திட்டம் போட்டு, பணம் ஒதுக்கி, வீதி வெட்டிச் செய்யும் வேலை அது. மனவடு இந்தச் சண்டையின் முழுக் காரணம் இல்லை. மக்கள் ஏன் இதைத் தாங்கிக்கொள்கிறார்கள், ஏன் எதிர்ப்பக்கத்தின் அழுகை காதில் விழுவதில்லை என்பதை விளங்கிக்கொள்ள அது உதவும்.

இவ்வளவு படைபலம் உள்ள இஸ்ரேலியருக்கு என்ன பயம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கோபத்தோடுதான் வருகிறது. பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

ஐரோப்பாவில் நாஜிகள் 60 இலட்சம் யூதர்களைக் கொன்றார்கள். தப்பி வந்தவர்கள் இஸ்ரேலில் முதல் பல வருடங்கள் வாய் திறக்கவே இல்லை. திறந்தாலும் கேட்க ஆள் இருக்கவில்லை. “எதிர்த்து நிற்காமல் ஏன் செம்மறி போலப் போனீர்கள்?” என்ற ஏளனமும் அங்கேயே இருந்தது. 1961இல் எருசலேமில் அடோல்ப் ஐக்மன் மீது வழக்கு நடந்தபோதுதான் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னார்கள். நாடே வானொலியில் கேட்டது. இன்றைக்கும் அந்த அழிவை நினைவுகூரும் நாளில் இரண்டு நிமிடம் எச்சரிக்கைச் சங்கு ஊதும். நெடுஞ்சாலையில் போகும் வாகனங்கள் அப்படியே நிற்க, ஆட்கள் இறங்கி வீதியிலேயே நிற்பார்கள்.

எல்லா இஸ்ரேலியரும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களும் இல்லை. பக்தாத்தில் 1941 ஜூனில் இரண்டு நாட்கள் நடந்த ஃபர்ஹுத் என்ற கலவரத்தில் யூதர்கள் கொல்லப்பட்டார்கள், அவர்களது வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. 1948க்குப் பிறகு ஈராக், யேமன், எகிப்து, மொரொக்கோ என அரபு நாடுகளிலிருந்து இலட்சக்கணக்கான யூதர்கள் வெளியேறினார்கள், பலர் சொத்தெல்லாம் விட்டுவிட்டு. இந்தக் கதை தமிழில் மிகக் குறைவாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

1991 வளைகுடாப் போரில் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகள் இஸ்ரேலில் விழுந்தபோது, அரசு தன் குடிமக்களுக்கு நச்சுவாயு முகமூடி கொடுத்திருந்தது. வாயுவால் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு சன்னல் அடைத்த அறைக்குள் இருந்தார்கள். அதற்குப் பிறகு புது வீடு கட்டினால் கொங்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் உள்ள ஒரு பாதுகாப்பு அறை இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. காஸாவுக்கு மிக அருகே உள்ள ஸ்டெரோட்டில் எச்சரிக்கை ஒலித்தால் அந்த அறைக்கோ தெருவில் உள்ள காப்பிடத்துக்கோ ஓடிச்சேர ஏறத்தாழ 15 விநாடிதான். அங்கே பஸ் தரிப்பிடங்களே குண்டு தாங்கும் கொங்கிரீட்டில் கட்டப்பட்டிருக்கின்றன.

2023 ஒக்டோபர் 7 அன்று, காஸாவை ஆண்ட ஹமாஸ் இயக்கத்தின் ஆயுததாரிகள் இஸ்ரேலுக்குள் புகுந்தபோது, காஸா எல்லையோரக் கிராமங்களில் மக்கள் ஓடி ஒளிந்தது அந்த அறைகளுக்குள்தான். ரொக்கெட்டுக்காகக் கட்டிய அறை அது. வெளியிலிருந்து மீட்புப்படை திறக்கவேண்டும் என்பதால் பல கதவுகளை உள்ளே பூட்ட வழி இருக்கவில்லை. பேரீயிலும் நீர் ஓஸிலும் தகப்பன்மார் மணிக்கணக்காகக் கதவுப்பிடியை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மறுபக்கத்தில் ஆயுதத்தோடு நின்றவர்கள் அதே பிடியைக் கீழே அழுத்தினார்கள். அன்று ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பாதுகாப்புக்கு என்றே கட்டிய அறை கைவிட்டபோது ஒரு சமூகத்துக்குள் என்ன உடைந்திருக்கும் என்பதை விளங்கிக்கொள்ள, நாம் அவர்கள் அரசை ஆதரிக்க வேண்டியதில்லை.

பலஸ்தீனரின் மனவடு எங்கே தொடங்குகிறது?

1948இல். அவர்கள் அதை நக்பா என்கிறார்கள். இஸ்ரேல் உருவான போரில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் துரத்தப்பட்டார்கள் அல்லது பயந்து ஓடினார்கள். நானூறுக்கும் அதிகமான கிராமங்கள் வெறுமையாகின. சில நாளில் திரும்பலாம் என்று வீட்டைப் பூட்டிச் சாவியோடு போனவர்களை யாரும் திரும்ப விடவில்லை. அந்தச் சாவிகள் பேரப்பிள்ளைகள் கையில் இன்றும் இருக்கின்றன. காஸாவில் வாழ்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அப்படி வந்த அகதிகளும் அவர்களின் வழிவந்தவர்களும்தான்.

ஆனால் நக்பாவைக் கடந்தகாலம் என்று வைத்துப் பேசினால் விளங்காது. 1967இலிருந்து மேற்குக் கரை இஸ்ரேலிய இராணுவ ஆட்சியின் கீழ் இருக்கிறது. வேலைக்குப் போக அனுமதிச் சீட்டு, சோதனைச் சாவடியில் இரும்புச் சுழல்கதவு, நள்ளிரவில் கதவு தட்டும் சிப்பாய்கள், பிள்ளைகளுக்கும் இராணுவ நீதிமன்றம், ஒலிவ் காய் பறிக்கப் போனால் குடியேற்றக்காரரின் தாக்குதல். காஸா 2007இலிருந்து முற்றுகைக்குள். 2023 ஒக்டோபர் 13 அன்று வடக்குக் காஸாவில் இருந்த பதினொரு இலட்சம் பேரை 24 மணித்தியாலத்தில் தெற்கே போகச் சொன்னது இஸ்ரேலிய இராணுவம். அன்று கழுதை வண்டியில் மெத்தையும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு போன வயசாளிகளில் சிலர் 1948இலும் பிள்ளைகளாக அப்படியே நடந்தவர்கள்.

அதற்குப் பின் நடந்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. காஸா சுகாதார அமைச்சின் கணக்கில் 2025 ஒக்டோபர் போர்நிறுத்தத்துக்கு முன்பே இறந்தவர்கள் 60,000ஐத் தாண்டிவிட்டார்கள். சனத்தொகையில் ஏறத்தாழ பாதி சிறுவர்களாக உள்ள இடம் அது. குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சாத, காயப்பட்ட பிள்ளை என்று குறிக்க அங்குள்ள வைத்தியர்கள் ஒரு சுருக்கெழுத்தே உண்டாக்கினார்கள். அப்படி ஒரு தேவை வந்த வைத்தியசாலையை நினைத்துப் பாருங்கள். ஆளில்லா விமானத்தின் ரீங்காரம் காஸாவில் இரவும் பகலும் கேட்கும். அதற்கு ‘ஸனானா’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கிபிர் வந்து போய்விடும், பிறகு கொஞ்ச நேரம் மூச்சு விடலாம். தலைக்கு மேலே ஓயாத சத்தத்தோடு ஒரு பிள்ளை எப்படி நித்திரை கொள்ளும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

பலஸ்தீன சுகாதார அமைச்சின் மனநலப் பிரிவை வழிநடத்திய உளமருத்துவர் ஸமாஹ் ஜபர் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லி வருகிறார். ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய’ நோய் என்று எங்கள் மருத்துவ நூல்கள் பேசுவது, ஆபத்து முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்க்குப் பொருந்தும். அவரது மக்களுக்கு ஆபத்து முடியவே இல்லை. அப்படியிருக்க அவர்களின் விழிப்பையும் பயத்தையும் நோய் என்று எப்படி எழுதுவது?

அப்படியானால் இரண்டு பக்கமும் சமம் என்கிறீர்களா?

இல்லை. பிள்ளையை இழந்த தாயின் வலியைத் தராசில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அதிகாரத்தை வைக்கலாம். ஒரு பக்கத்திடம் அரசும் விமானப்படையும் எல்லைக் கட்டுப்பாடும் இருக்கின்றன. மற்றப் பக்கம் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வாழ்கிறது. 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், பலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பது சட்டவிரோதம் என்று கருத்துரைத்தது. வீட்டுக்குள் அடிப்பவருக்கும் சிறுவயதில் அடிவாங்கிய கதை இருக்கும். அதைக் கேட்டு மனம் இரங்கலாம். ஆனால் முதலில் அடியை நிறுத்தவேண்டும். எங்கள் தொழிலில் இந்த ஒழுங்கு ஒருபோதும் மாறுவதில்லை.

இவ்வளவு துன்பப்பட்ட யூதர்களே எப்படி இன்னொரு இனத்துக்கு இதைச் செய்கிறார்கள்?

துன்பம் மனிதரை நல்லவராக்கும் என்று நாம் நினைக்கிறோம். அது தானாக நடப்பதில்லை. அதை நாங்கள் வேறெங்கும் போய்த் தேட வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். இடப்பெயர்வு என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்த ஒரு சமூகத்தின் பெயரால் அது நடந்தது. நம்மில் பெரும்பாலோர் வாய் மூடி இருந்தோம். பயத்தாலும்தான், ‘நம்மைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது’ என்ற நினைப்பாலும்தான்.

சைப்பிரஸில் பிறந்த உளமருத்துவர் வமிக் வோல்கன் ‘தேர்ந்தெடுத்த மனவடு’ என்று ஒன்றைப் பற்றிப் பேசினார். எந்த இனமும் தனக்குத் துன்பம் வரட்டும் என்று தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் பல துன்பங்களில் ஒன்றை எடுத்து, அதையே தன் அடையாளமாக்கித் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவரும். தலைவர்களுக்கு இது வசதி. அன்று நடந்ததும் இன்று நடப்பதும் ஒன்றே என்று மேடையில் ஒருமுறை சொன்னால் போதும், காலம் மடிந்துவிடும். ஒக்டோபர் 7க்குப் பிறகு ஹமாஸை நாஜிகள் என்றார்கள். அழிவு முகாம்களை நடத்தியது ஐரோப்பியர்கள். அந்தக் கணக்கு பலஸ்தீன விவசாயியின் தலையில் எழுதப்படுகிறது.

எல்லோரும் அப்படி ஆவதும் இல்லை. பேர்ஷெபாவில் பணியாற்றிய சமூகவியலாளர் ஆரோன் அன்ரனோவ்ஸ்கி, நாஜி முகாம்களிலிருந்து மீண்ட பெண்களை ஆராய்ந்தபோது 29 வீதமானோர் நல்ல மனநலத்தோடு இருப்பதைக் கண்டார். ‘மற்ற 71 வீதம் ஏன் நோயுற்றார்கள்’ என்று கேட்பதை விட்டு ‘இவர்கள் எப்படி மீண்டார்கள்’ என்று கேட்கத் தொடங்கினார். உலக மருத்துவமே பயன்படுத்தும் ஒரு சிந்தனை அங்கிருந்து பிறந்தது. அதே அழிவிலிருந்து தப்பியவர்களில், ‘இனி ஒருபோதும் எங்களுக்கு நடக்கக்கூடாது’ என்றவர்களும் இருக்கிறார்கள், ‘யாருக்குமே நடக்கக்கூடாது’ என்று காஸாவுக்காக நின்றவர்களும் இருக்கிறார்கள்.

ஹமாஸ் செய்ததையும் இப்படியே விளக்கலாமா?

விளக்கலாம். நியாயப்படுத்த முடியாது. காஸா சமூக மனநலத் திட்டத்தை 1990இல் தொடங்கிய உளமருத்துவர் இயாத் ஸர்ராஜ், முதலாம் இன்திபாதா என்ற மக்கள் எழுச்சியின்போது தன் கண்முன்னால் தகப்பன் சிப்பாய்களிடம் அடிவாங்குவதைப் பார்த்த பிள்ளைகள், வளர்ந்ததும் பலத்தை வேறெங்கோ தேடிப் போனதைப் பற்றி இடையறாது பேசினார். தற்கொலைத் தாக்குதலுக்குப் போனவர்களில் அந்தத் தலைமுறையைக் கண்டார். ஆனாலும் அந்தத் தாக்குதல்களை அவர் ஏற்கவில்லை. பலஸ்தீனத் தலைவர் யாசிர் அரபாத்தின் நிர்வாகம் ஆட்களைச் சித்திரவதை செய்வதை வெளியே சொன்னதற்காக அந்த நிர்வாகமே அவரைச் சிறையில் போட்டது. மனவடுவைப் புரிந்த ஒருவர் எப்படி நடக்கவேண்டும் என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

மனவடு மரபணு வழியாக வருமா?

மனவடு ஆய்வாளர் றேச்சல் யெஹூதாவும் கூட்டாளிகளும் நாஜி அழிவிலிருந்து தப்பியவர்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் ஒரு மரபணுவின் செயற்பாட்டில் மாற்றங்களைக் கண்டார்கள். மிகச் சிறிய ஆய்வு. அதை வைத்து ‘இரத்தத்திலேயே பயம்’ என்று எழுதுவது சரியில்லை. வீட்டில் பேசாமல் விடும் பேச்சு, இரவில் கத்தி எழும்பும் தாய், மிஞ்சிய பாண் துண்டை எறியவிடாத பாட்டி, இவை போதும் ஒரு பிள்ளைக்குப் பயத்தைக் கொடுக்க.

கிபிர் இஸ்ரேல் செய்தது. எங்கள் இயக்கங்களில் சிலதுக்குப் பயிற்சி கொடுத்தது பலஸ்தீனர். அப்படியென்றால் நாம் யார் பக்கம் என்பது தெரிந்ததுதானே?

இரண்டும் உண்மை. 1970களில் ஈரோஸ் என்ற தமிழ் இயக்கத்தின் உறுப்பினர்கள் லெபனானில் பலஸ்தீன இயக்கமான பத்தாவிடம் பயிற்சி பெற்றார்கள். 1984இல் இஸ்ரேலியர் கொழும்புக்கு வந்து பாதுகாப்புப் படையினருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 1996இலிருந்து எங்கள் தலைக்கு மேலே கிபிர். இதற்கு நேர் எதிராக, யூதர்களைப் போல நாமும் ஒரு தாயகம் கட்டவேண்டும் என்று இஸ்ரேலைப் பார்த்து ஏங்கும் தமிழரும் புலம்பெயர் நாடுகளில் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மஹிந்த ராஜபக்ஷ பல்லாண்டு காலம் பலஸ்தீன ஆதரவாளர். 2014இல் மேற்குக் கரையில் ஒரு தெருவுக்கே அவர் பெயர் வைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் புதைத்த தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? அதற்காகக் காஸாவில் பிள்ளையைப் புதைக்கும் தாயிடம் கோபிப்போமா? அரசுகளும் இயக்கங்களும் கைகுலுக்கிய கணக்கை வைத்து யாருக்கு அழுவது என்று தீர்மானிக்க முடியாது. நான் குண்டு விழும் இடத்தில் நிற்பவர்கள் பக்கம். 2023 ஒக்டோபர் 7 காலையில் அது பேரீ, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காஸா.

இரு பக்கத்தாரும் சேர்ந்து இருந்து பேசுவதால் என்ன பயன்?

றமி எல்ஹனான் ஓர் இஸ்ரேலியர். 1997 செப்டெம்பரில் எருசலேம் பென் யெஹூதா தெருவில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் அவரது 13 வயது மகள் ஸ்மதார் இறந்தாள். பஸ்ஸாம் அரமின் ஒரு பலஸ்தீனர். 2007இல் அவரது 10 வயது மகள் அபீர் பாடசாலைக்கு வெளியே கடையில் இனிப்பு வாங்கிக்கொண்டு வரும்போது எல்லைக் காவலரின் ரப்பர் குண்டு தலையில் பட்டு இறந்தாள். பஸ்ஸாம் 17 வயதில் சிறைக்குப் போய் ஏழு வருடம் இருந்தவர். அங்கே நாஜி அழிவைப் பற்றிய ஒரு படம் காட்டினார்கள். யூதர் சாவதைப் பார்த்து மகிழலாம் என்று உட்கார்ந்தவர் அழுதுவிட்டார். பின்னாளில் இங்கிலாந்தின் பிராட்போர்ட் பல்கலைக்கழகத்தில் அந்த வரலாற்றையே படித்தார். இருவரும் பிள்ளைகளை இழந்த குடும்பங்களின் அமைப்பொன்றில் சேர்ந்து, பாடசாலை பாடசாலையாகப் போய்ப் பேசுகிறார்கள். 1995இல் தொடங்கிய அந்த அமைப்பில் இரு பக்கத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த வேலை இன்னொன்று. இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்ஓன், பலஸ்தீனக் கல்வியாளர் ஸமி அத்வான் இருவரும் ஆசிரியர்களைக் கூட்டி ஒரு வரலாற்றுப் பாடநூல் செய்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நிரல். ஒன்றில் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, மற்றதில் பலஸ்தீனர் சொல்லும் வரலாறு, நடுவில் மாணவர் எழுத வெற்றிடம். 1948 என்று வரும் பக்கத்தில் ஒரு நிரல் சுதந்திரப் போரைச் சொல்லும், மற்றது நக்பாவைச் சொல்லும். இரண்டையும் கலந்து நடுநிலை வரலாறு எழுத அவர்கள் முயலவில்லை. இரண்டு அரசுகளின் பாடத்திட்டத்திலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அந்த வெற்று நிரல் அத்தனை பயமாக இருந்திருக்கிறது.

இப்படிச் சேர்ந்து பேசுவதைப் பல பலஸ்தீனர் எதிர்க்கிறார்கள். ஆக்கிரமிப்பு நடந்துகொண்டே இருக்க, கூட்டம் முடிந்ததும் ஒருவர் சுதந்திரமாக வீட்டுக்குப் போவார், மற்றவர் சாவடியில் வரிசையில் நிற்பார், இது என்ன உரையாடல் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நீதிக்குப் பதிலாக உரையாடலைக் கொடுத்தால் அது ஏமாற்று. றமியும் பஸ்ஸாமும் மேடைக்கு மேடை ஆக்கிரமிப்பு முடியவேண்டும் என்றே சொல்கிறார்கள். அதனால்தான் அவர்களை நம்புகிறேன்.

போர்நிறுத்தம் வந்துவிட்டதே, இனி ஆறத் தொடங்குமா?

போர்நிறுத்தத்துக்குப் பிறகும் குண்டுகள் விழுந்தன, ஆட்கள் இறந்தார்கள். மனவடுச் சிகிச்சையில் முதல் படி பாதுகாப்பு. அதற்குப் பிறகுதான் நடந்ததைச் சொல்வதும் அழுவதும். அதற்கும் பிறகுதான் மற்றவர்களோடு வாழ்வதற்குத் திரும்புவது. கூடாரத்தில் மழைத்தண்ணீருக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கலர் பென்சில் கொடுத்துப் படம் கீறச் சொல்வது சிகிச்சை ஆகாது. முதலில் வீடு, சாப்பாடு, பாடசாலை, இனி அடி விழாது என்ற உறுதி. இடிபாட்டுக்குள் இருக்கும் உடல்களை எடுத்து அடக்கம் செய்யவும் வேண்டும். உடல் கிடைக்காத துக்கம் எப்படி இருக்கும் என்பதை, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரக் கொட்டகையில் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும் எங்கள் ஊரில் விளக்க வேண்டியதில்லை. பணயக் கைதிகளின் உடலுக்காகக் காத்திருந்த இஸ்ரேலியக் குடும்பங்களுக்கும் அது தெரியும்.

வீடியோக்களைப் பார்த்து நித்திரை வருவதில்லை. பிள்ளைகளும் கேட்கிறார்கள். என்ன செய்வது?

போரைக் கண்ட ஆட்களுக்கு இது இன்னும் கடுமை. காஸா வீடியோவில் விமானச் சத்தம் வந்ததும் வியர்த்தால் அது பலவீனம் இல்லை, உடம்புக்கு ஞாபகம் இருக்கிறது. ஒலியை நிறுத்திவிட்டு வாசியுங்கள். படுக்கைக்குக் கைத்தொலைபேசி கொண்டுபோகாதீர்கள். இறந்த பிள்ளைகளின் முகத்தைக் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்குள் அனுப்பாதீர்கள். அந்தக் குழுவில் தன் பிள்ளையை அப்படிக் கண்ட ஒருவர் இருக்கலாம். செய்தி தெரியவேண்டும் என்றால் எழுத்தில் சொல்லலாம்.

பிள்ளை கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். “அங்கே போர் நடக்கிறது, பிள்ளைகளும் சாகிறார்கள், எனக்கும் கவலையாக இருக்கிறது” என்று சொல்லலாம். “யூதர்கள் கெட்டவர்களா? முஸ்லிம்கள் கெட்டவர்களா?” என்று கேட்டால் அதே இடத்தில் திருத்துங்கள். கட்டளை போட்டவர்களும் சுட்டவர்களும் செய்தது அது, ஒரு சனம் முழுவதும் செய்தது இல்லை என்று சொல்லுங்கள். ஏதாவது செய்யவேண்டும் போல இருந்தால் பணமோ கையெழுத்தோ ஒரு கடிதமோ, செய்யக்கூடிய ஒன்றைச் செய்யுங்கள். வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதுதான் உடம்பை அதிகம் வாட்டும்.

ஒரு மாதத்துக்கு மேலாக நித்திரை இல்லை, பழைய காட்சிகள் கண்முன் வருகின்றன என்றால் அருகிலுள்ள வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இலங்கையில் இருந்தால் 1926க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.